வால்பாறைக் காட்டில் தவளைக் குரல் பதிவு செய்ய என்ன கருவி வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறை. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக எஞ்சியிருக்கும் மழைக்காட்டில் 6 இடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜூன் தொடங்கி டிசம்பர் முடிய அங்கே தவளை, பறவைக் குரல்களைப் பதிவு செய்ய வேண்டும். கணினித் துறை நண்பர் ஒருவர், "ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜெட்சன் போர்டு (ஏஐ வேலைக்கான சின்னக் கணினி) வைத்துவிடுங்கள், ஏஐ அங்கேயே இனத்தைக் கண்டுபிடித்து முடிவை மட்டும் அனுப்பிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்பது அந்தத் துறைப் பேராசிரியரின் கேள்வி.

வேண்டாம் மேடம். ஜெட்சன் நல்ல பொருள்தான், ஆனால் உங்கள் வேலை வேறு. காட்டுக்குள் கருவி மாட்டுகிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். பாதியில் நின்றுபோன பெட்டிகள் எத்தனையோ இறக்கிப் பிரித்துப் பார்த்தாயிற்று. பிராசஸருக்கு வேகம் போதாமல் நின்றது என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தண்ணீர் புகுந்திருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும், மெமரி கார்டு கெட்டிருக்கும், எறும்பு உள்ளே குடியேறி முட்டை வைத்திருக்கும். பணமும் கவலையும் போக வேண்டிய இடங்கள் இவைதான்.

காட்டிலேயே கணக்குப் போடுவதற்கு 'எட்ஜ்' என்று பெயர். அது தேவையா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: முடிவு வந்த பத்து நிமிடத்துக்குள் யாராவது எழுந்து ஓடப் போகிறார்களா? கோவை மதுக்கரை வனச்சரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் வெப்பப்படக் கேமராக்கள் வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கும் ஏஐ அமைப்பை வனத்துறை 2024 பிப்ரவரியில் தொடங்கியது. அங்கே ரயில் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். படத்தை எடுத்து வைத்து அடுத்த மாதம் பார்ப்பதில் பயன் இல்லை. செலவு செய்யத்தான் வேண்டும்.

ஆனால் அவசரம் இருக்கிற இடத்திலும் கருவி பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு உங்கள் வால்பாறையே சாட்சி. யானை இன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் குழுவினர் எஸ்எம்எஸ்ஸாக அனுப்பினார்கள், உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்தாக ஓடவிட்டார்கள், முக்கியமான திருப்பங்களில் கைபேசியிலிருந்து இயக்கினால் எரிகிற சிவப்பு விளக்குகளை நட்டார்கள். அந்த வேலைக்காக எம். ஆனந்தகுமாருக்கு 2015-இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. இருட்டில் வேலை முடிந்து நடந்து வருகிற தொழிலாளிக்குத் தேவையான செய்தியை அந்தச் சிவப்பு விளக்கு சொல்லிவிடுகிறது.

உங்கள் தவளை கூப்பிட்டதும் யாரும் ஓடப் போவதில்லை. அதனால் காட்டில் பதிவு மட்டும் நடக்கட்டும், கணக்கைக் கல்லூரியில் போட்டுக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பறவைக் குரலுக்கு எல்லோரும் பயன்படுத்தும் பேர்ட்நெட் என்ற ஏஐ மென்பொருள், கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. ஒலியை 3 விநாடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் இனம் சொல்லும். பறவைக்கு நல்ல உதவி. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளுக்கு அதை அப்படியே நம்பக் கூடாது. உங்கள் மாணவர்கள் குரல்களைக் கேட்டு, பெயர் குறித்து, அதன்மேல் தனி மாடலைப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கும். கணினியில் ஓடும் பேர்ட்நெட் அனலைசரில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் பயிற்றுவிக்கப் பதிவு வேண்டுமே. காட்டிலேயே இனம் கண்டுபிடித்து ஒலியை அழித்துவிட்டால் திரும்பக் கேட்க ஒன்றும் மிஞ்சாது. மண்ணுக்கடியில் வாழும் ஊதாத் தவளை 2003-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு இனம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையிலிருந்து 2017-இல் வந்தது. இன்னும் பெயர் வைக்காத குரல் உங்கள் கார்டில் இருக்கலாம். விலங்கியல்காரர் மாதிரியைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு மாதிரியைத் தூக்கிப் போடுவாரா? அசல் ஒலிதான் உங்கள் மாதிரி. அது பத்திரமாக இருக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஜெட்சன் ஒரின் நானோ அடக்கமாக ஓடினாலும் 7 முதல் 15 வாட் வரை இழுக்கும். 10 என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. தென்மேற்குப் பருவமழையில் மூன்று நாள் வெயிலே இல்லாமல் தாங்க வேண்டுமென்றால் 720 வாட்-மணி இருப்பு வேண்டும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகவே 12 வோல்ட் 120 ஆம்பியர்-மணி. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி அளவு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 70 ஆம்பியர்-மணி போதும், எடை கால்வாசிதான், விலை வேறு. சோலார் பேனலுக்கு, நல்ல வெயில் ஒரு நாளில் 2 மணி நேரம் கிடைக்கிறது, வழியில் 30 சதவீதம் வீணாகிறது என்று வைத்தால் 170 வாட்டுக்கு மேல் வேண்டும். இப்படி ஆறு செட்டை அட்டைப்பூச்சி ஏறுகிற பாதையில் யார் தூக்கிப் போவது? அப்படியே போனாலும் மரக்கூரைக்குக் கீழே 2 மணி நேர வெயில் ஏது?

இதே வேலையை ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற மலிவான சின்னக் கணினி ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுத்துச் செய்துவிடும். ஆடியோமாத் போன்ற ஒலிப்பதிவிக்கு மூன்று ஏஏ பேட்டரி போதும்.

சரி, எதை வாங்கலாம்? காட்டுக்குள் இருக்கும் இடங்களுக்கு ஆடியோமாத், கையிருப்பாக ஒன்று கூடுதல். கிரெடிட் கார்டு அளவு போர்டு. மைக், கார்டு செருகும் இடம் எல்லாம் அதிலேயே இருக்கும். நொடிக்கு 8,000 முதல் 3,84,000 தடவை வரை ஒலியை அளந்து எடுக்கும், ஆகவே பிறகு வௌவால் பக்கம் போனாலும் இதே கருவி உதவும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் சுங்க வரியையும் காத்திருப்பையும் கணக்கில் வைத்து இப்போதே ஆர்டர் போடுங்கள்.

தவளைக்கு மாலை 6 முதல் நள்ளிரவு 12 வரை, பறவைக்கு அதிகாலை 5.30 முதல் 8.30 வரை, 5 நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதிவு என்று வைப்போம். நாளைக்கு 108 நிமிடம். 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 தடவை), 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்துக்கு 5.76 எம்பி. ஆக ஒரு நாளைக்கு 620 எம்பி சொச்சம், இரண்டு மாதத்துக்கு 37 ஜிபி. 64 ஜிபி கார்டு தாராளம். நாள் முழுக்க விடாமல் பதிவு செய்தால் இதுவே நாளைக்கு 8.3 ஜிபி, கார்டு எட்டாம் நாளே நிறைந்துவிடும். பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதை நீங்கள் கணக்குப் போட வேண்டாம். அட்டவணை வைக்கிற செயலியிலேயே நாள் ஒன்றுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு மின்சாரம் என்று கீழே காட்டும்.

அந்தச் செயலியில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நேரம் யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) இருக்கிறதா, நம் நேரத்திலா என்று பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு பறவைக் கணக்கெடுப்புக்கு அதிகாலை 5.30 என்று வைத்தோம். அது யுடிசியாக எடுத்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்துக் கார்டை எடுத்துப் போட்டால் ஒவ்வொரு நாளும் காலை 11 மணிக்குப் பதிவு தொடங்கியிருக்கிறது. விடியற்காலைக் குரல் ஒன்றுகூட இல்லை. திரும்பவும் அந்த மூன்று வாரம் கிடைக்குமா? அன்றிலிருந்து பெட்டியை மூடுவதற்கு முன் மைக் பக்கத்தில் வாயை வைத்து இடம், தேதி, மணி மூன்றையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வருகிறோம். கோப்பின் பெயர் தவறினாலும் குரல் சொல்லிவிடும். பேட்டரி மாற்றினால் நேரத்தைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். லேப்டாப் இல்லாமல், கைபேசியிலிருந்து ஒலியாகவே நேரத்தை அனுப்பி வைக்கிற செயலி ஆடியோமாத்துக்கு உண்டு. காட்டில் அது பெரிய வசதி.

ஆறில் ஒரு இடம் தங்குமிடத்துக்குப் பக்கத்தில், மின்சார லைன் இருக்கும் இடத்தில் அமைந்தால் அங்கே மட்டும் ராஸ்பெரி பை 4 வைக்கலாம். அதில் பேர்ட்நெட்டை ஓட்டும் பேர்ட்நெட்-பை மென்பொருளைப் போட்டால் இன்றைக்கு என்ன பறவை கூப்பிட்டது என்று மாணவர்கள் அன்றன்றைக்கே பார்ப்பார்கள், ஆர்வம் குறையாது. பை 5 வேண்டாம் என்பது என் கருத்து. அது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் சப்ளை கேட்கிறது, இந்த வேலைக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை.

ராஸ்பெரி பையில் மூன்று விஷயம் படுத்தும். முதலாவது, அதற்கு வரும் வோல்ட். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னழுத்தம் போதவில்லை என்று எச்சரிக்கும், அப்புறம் காரணம் தெரியாமல் நிற்கும். மெல்லிய வயரில் 3 மீட்டர் தள்ளி 5 வோல்ட்டைக் கொண்டுபோனால், போக வர 6 மீட்டர். ஒரு ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் வயரிலேயே போய்விடும். ஆகவே 12 வோல்ட்டாகவே பெட்டி வரை கொண்டுபோய், பெட்டிக்குள் 5-ஆகக் குறையுங்கள். மல்டிமீட்டரை அடாப்டர் முனையில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை, போர்டின் 5 வோல்ட் முனையில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கடிகாரம். பை 4-இல் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. நெட் இல்லாமல் கரண்ட் போய் வந்தால் பழைய நேரத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். டிஎஸ்3231 சிப் உள்ள சின்ன மாடுல் ஒன்று போடுங்கள், வருடத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தவறாது. ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கிற நீல நிற மாடுலில் ரீசார்ஜ் பேட்டரிக்கான சார்ஜ் சுற்று இருக்கும். அதில் சாதாரண சிஆர்2032 பட்டன் பேட்டரி போட்டு 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரிக்குச் சார்ஜ் ஏறி அது உப்பிவிடும். அந்தச் சுற்றில் டயோடுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் சொன்னால் ஒரு நிமிட வேலை.

மூன்றாவது, மெமரி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும். பையின் அமைப்புத் திரையிலேயே ஓவர்லே என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இயங்குதளம் இருக்கும் கார்டில் எதுவும் எழுதப்படாது. ஒலியைத் தனி பென் டிரைவிலோ எஸ்எஸ்டியிலோ எழுதச் சொல்லுங்கள். ஆடியோமாத்துக்கும் சேர்த்து ஒரு சொல்: கார்டுகளை வாங்கியதும் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை வைத்து முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதியுங்கள். 64 என்று மேலே அச்சடித்து உள்ளே 8 ஜிபிதான் இருக்கும் போலிகள் சந்தையில் இருக்கின்றன. அவை நிறைந்த பிறகும் பதிவாகிற மாதிரியே காட்டும். தெரிய வரும்போது சீசன் முடிந்திருக்கும்.

இஎஸ்பி32 என்ற மலிவான சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒலிக்கு வேண்டாம், மழைக்கு வையுங்கள். தவளை கூப்பிட்டதையும் கூப்பிடாததையும் மழை அளவும் வெப்பநிலையும் இல்லாமல் எப்படி விளக்குவீர்கள்? சாய்வாளி மழைமானியில் ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டருக்கும் சின்ன வாளி ஒரு முறை சாயும், காந்தம் ஒரு சுவிட்சைத் தட்டும். அந்தத் தட்டலில் இஎஸ்பி32 விழித்து எண்ணிவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். தூக்கத்தில் சிப் 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் போர்டில் இருக்கும் யுஎஸ்பி சிப்பும் ரெகுலேட்டரும் விளக்கும் சேர்ந்து சில மில்லி ஆம்பியர் குடிக்கும், அதனால் வாங்கும் போர்டை ஒரு முறை அளந்து பாருங்கள். இந்தச் சின்ன எண்களை அனுப்ப லோரா பொருத்தம், குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் போகும் ரேடியோ அது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஒலியை அதில் அனுப்ப நினைக்காதீர்கள், அது ஒரு தடவைக்கு ஒரு எஸ்எம்எஸ் அளவுதான் சுமக்கும். சிம் போடுகிற மாடுல் வாங்கினால் 4ஜி என்று கேட்டு வாங்குங்கள். சிம்800 வகை 2ஜியில் மட்டும் ஓடும், ஜியோ சிம் அதில் எடுக்காது.

இனி பெட்டி. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. அங்கே ஐபி67 (தூசியும் நீரும் புகாத தரம்) என்று எழுதிய பெட்டிக்குள்ளும் தண்ணீர் வரும். எப்படி என்றால், பகலில் பெட்டி சூடாகிறது, உள்ளே காற்று விரிந்து ரப்பர் கேஸ்கெட் வழியே கொஞ்சம் வெளியேறுகிறது. திடீரென்று மழை விழுந்து பெட்டி குளிர்கிறது, உள்ளே காற்று சுருங்கி உறிஞ்சுகிறது. அந்த நேரம் கேஸ்கெட்டின் மேல் தண்ணீர் நின்றால் தண்ணீரையே உறிஞ்சும். தினமும் ஒரு சொட்டு, மாதத்துக்கு முப்பது சொட்டு. மழையில் ஒழுகிய மாதிரியே இருக்காது, திறந்தால் அடியில் குளம். எம்-சீல் வைத்து இன்னும் இறுக்கமாக அடைப்பதால் இது தீராது. காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்த சின்ன வென்ட் பிளக் ஒன்றைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் போட்டால் அழுத்தம் சமமாகிவிடும், உறிஞ்சல் நின்றுவிடும்.

வயர் எல்லாம் அடியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும், வயரைச் சுற்றி நீர் புகாமல் இறுக்கும் கேபிள் கிளாண்ட் வழியாக. பெட்டிக்கு வருமுன் வயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பெட்டியைக் காட்டில் மூடினால் அந்த ஈரக் காற்றையும் சேர்த்து மூடுகிறீர்கள், அதனால் முடிந்தவரை அறையிலேயே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு மூடிக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் பழையதை எடுத்துப் புதுப் பொட்டலம். பழையதை அடுப்பில் லேசாகக் காய வைத்தால் திரும்ப உதவும்.

மழைத்துளி பெட்டியின் தலையில் விழுந்தால் பதிவில் பறை அடிப்பது போலக் கேட்கும், பின்னால் இருக்கும் தவளை காணாமல் போகும். மேலே தேங்காய் நார் மேட் ஒரு துண்டு வைத்துக் கட்டுங்கள். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், பட்டை நாடா போதும். எறும்பு ஏறாமல் இருக்க நாடாவின் மேல் கிரீஸ் தடவுங்கள். தொங்குகிற வயர் எதுவும் வெளியே இருக்கக் கூடாது. சோலைமந்தி புழங்குகிற இடம் அது, கையில் கிடைத்ததை இழுத்துப் பார்க்கும்.

கல்லூரியில் கணக்குப் போட பெரிய சர்வர் தேவையில்லை. ஆறு இடமும் சேர்ந்து சீசனுக்கு 800 ஜிபி வரும். 16 ஜிபி ரேம் உள்ள சாதாரண டெஸ்க்டாப்பில் பேர்ட்நெட் அனலைசரை இரவு முழுக்க ஓடவிடலாம், கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடும். அதில் மிச்சமாகும் பணத்தில் 2 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று துறையில், இன்னொன்று வேறு கட்டடத்தில். இரண்டு நகலையும் செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போட்டுச் சரிபார்க்கும் வரை கார்டை அழிக்கக் கூடாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அனுமதி விஷயம் உங்களுக்கே தெரியும்: புலிகள் காப்பகத்துக்குள் என்றால் வனத்துறை, தோட்ட நிலம் என்றால் எஸ்டேட் நிர்வாகம். அதோடு, அந்த வழியில் நடக்கிற தொழிலாளர்களிடமும் பக்கத்தில் வாழ்கிற காடர் மக்களிடமும் போய்ச் சொல்லுங்கள். மைக்குக்குத் தவளை, மனிதர் என்ற வித்தியாசம் தெரியாது. அவர்கள் பேசுவதும் பதிவாகும். பேச்சு கேட்டால் அந்தத் துண்டை அழித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தபடி செய்யுங்கள். இது என்ன பெட்டி, யாரைக் கூப்பிட வேண்டும் என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். சொல்லிவிட்டு வைத்த பெட்டியை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள். சாய்ந்து கிடந்த பெட்டியை நிமிர்த்திக் கட்டிவிட்டுப் போன் செய்தவர்கள் உண்டு.

ஏப்ரல் கடைசிக்குள் ஒரு செட்டைத் தயார் செய்துவிடுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பர் மடித்து வைத்து மூடி, கல்லூரி மொட்டை மாடியில் 15 நாள் விடுங்கள். அந்தப் பக்கம் கோடை மழை பெய்யும். பெய்யாவிட்டால் உச்சி வெயிலில் பெட்டி சூடாக இருக்கும்போது ஒரு வாளி பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றுங்கள், தினமும். பதினாறாம் நாள் திறந்து பேப்பர் நனைந்திருந்தால் நனைந்த மூலையைப் படம் எடுத்து அனுப்புங்கள் மேடம். கேஸ்கெட்டா, கிளாண்டா, வென்ட்டா என்று பார்த்துச் சொல்கிறேன். அதன் பிறகு மற்ற ஐந்தையும் செய்யலாம்.